தலைக்கு 270 குடம்

தை மாதம் ஐந்தாம் நாள் நெருங்கும்போதெல்லாம் மணலூர்பேட்டையில் பெண்ணையாற்றங்கரை ஜனசமுத்திரமாகிவிடுவதை நமது வாசகர்கள் அறிவார்கள். திருவண்ணாமலையிலிருந்து அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்காக இவ்வூருக்கு எழுந்தருளுகிறார். சுற்று வட்டாரத்துத் தெய்வங்களும் ஆற்றுக்கு வந்து சேருகின்றன. வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் போய் மோட்டாரில் வருகிற காலம் வந்துவிட்டது. ஆனால் வருகிற ஜனங்கள் கேட்கிற முதற் கேள்வி மாறவில்லை. "இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் உண்டா?" என்பதே அது. உண்டு என்று விடை கிடைக்கும் வருஷமும் இருக்கிறது. மணல் மட்டுமே காய்ந்து கிடக்கிற வருஷமும் இருக்கிறது. ஆற்றுக்குத் திருவிழா எடுக்கிற மக்கள், ஆற்றில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டியிருப்பதைவிட வருந்தத்தக்க நிலை வேறு என்ன வேண்டும்?

இதே ஆறுதான் 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி விடியுமுன் கரை கொள்ளாமல் சீறி வந்தது. பெஞ்சல் புயலினால் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்துக்குள் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கச் சில மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்ட பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் எத்தனையோ கிராமங்கள் மூழ்கின. முன்னறிவிப்புப் போதுமானதா என்று சர்க்காருக்கும் எதிர்க்கட்சியினருக்கும் வாதப் பிரதிவாதம் நடந்தது. அந்த வாதத்துக்குள் இன்று நாம் புகவில்லை. ஒரு சிறு கணக்கை மட்டும் வாசகர்கள் முன் வைக்கிறோம். 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7.32 டி.எம்.சி., அதாவது 732 கோடி கன அடி. அன்று ஓடிய வேகத்தில் நீர் வருமானால், வெற்று அணை முழுவதும் நிரம்புவதற்குப் பன்னிரண்டு மணி நேரமே பிடிக்கும். ஓர் ஆற்றுப் பிரதேசம் ஒரு வருஷம் முழுவதும் நம்பியிருக்கிற சேமிப்பு, அரை நாளில் கண்ணெதிரே கடலுக்குப் போயிற்று என்பதே இதன் அர்த்தம்.

நாம் தண்ணீரில் ஏழைகளா, பணக்காரர்களா? இக்கேள்விக்கு உலகத்தார் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அதைச் சற்று ஆராய்வோம்.

ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய ஸ்தாபனம், ஒவ்வொரு தேசத்திலும் ஆண்டுதோறும் மழையினால் புதிதாகப் பிறந்து, ஆறாக ஓடியும் நிலத்துக்குள் இறங்கியும் கிடைக்கிற நன்னீர் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. உலக பாங்கு அதை ஜனத்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பிரசுரிக்கிறது. உலக சராசரி, தலைக்கு வருஷத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் கன மீட்டர். ஐஸ்லாந்து தேசத்தானுக்கு நாலு லக்ஷம் கன மீட்டருக்கு மேல் இருக்கிறது. கனடாக்காரனுக்குச் சுமார் 70,000. பிரேசில்காரனுக்கு 26,000 அளவில். சீனனுக்குச் சுமார் 2,000. இந்தியனுக்கு ஆயிரத்துச் சொச்சம். குவெய்த் தேசத்தானுக்கு ஒன்றுமே இல்லை. 1989-ல் மாலின் பால்கன்மார்க் என்ற சுவீடன் தேசத்து அம்மையார் இதற்கு அளவுகோல் ஒன்றும் வகுத்தார். தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் குறைந்தால் நெருக்கடி. 1,000-க்குக் குறைந்தால் பஞ்சம். 500-க்குக் குறைந்தால் கொடும் பஞ்சம் என்பது அவ்வளவுகோல்.

இக்கணக்கை மேலெழுந்தவாரியாகப் படிப்பவர், தண்ணீர் மிகுந்த தேசம் செல்வ தேசம் என்றும், குறைந்த தேசம் தரித்திர தேசம் என்றும் முடிவு கட்டிவிடுவார். உலக பாங்கு தேசங்களை வருமானத்தின்படி நாலு வகுப்பாகப் பிரித்திருக்கிறது. அந்த வகுப்புக்களோடு இந்த நீர்க் கணக்கை ஒப்பிட்டால் நேர் விரோதமான உண்மை புலப்படும். காங்கோ ஜனநாயகக் குடியரசு தாழ்ந்த வருமான வகுப்பைச் சேர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடு உயர்ந்த வகுப்பின் உச்சியில் இருக்கிறது. தலைக்குக் கிடைக்கும் உள்நாட்டு நன்னீர் இருவருக்கும் எண்ணாயிரத்துக்கு மேல், ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் காங்கோவில் பாதிப் பேருக்குக்கூட அடிப்படைக் குடிநீர் வசதி கிடையாது. உலகத்திலேயே பெரிய நதிகளில் ஒன்றின் கரையில் இருந்துகொண்டு தாகத்தால் தவிக்கிறார்கள்.

இனி மறுபுறம் பார்ப்போம். யெமன் தேசத்திலும் இஸ்ரேல் தேசத்திலும் தலைக்கு 100 கன மீட்டர்கூட உள்நாட்டில் பிறப்பதில்லை. அளவுகோலின்படி இரண்டும் கொடும் பஞ்ச தேசங்களே. யெமனில் குடிக்கவும் நீரில்லாமல் குழந்தைகள் மடிகின்றன. இஸ்ரேலில் பாலையில் தோட்டம் விளைகிறது. அங்கே நகரங்களின் கழிவு நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சுத்திகரிக்கப்பட்டு மறுபடி பயிருக்குப் போகிறது. சிங்கப்பூரில் பிறக்கும் நீரும் தலைக்கு 100 கன மீட்டர் அளவுதான். அத்தீவு ஜோகூரிலிருந்து 1962-ம் வருஷத்து ஒப்பந்தப்படி நீர் வாங்குகிறது. விழுகிற மழையைத் தேக்குகிறது. 2003-ம் வருஷம் முதல் கழிவு நீரையே குடிக்கத்தக்க நீராக மாற்றி வழங்குகிறது. அங்கே வாழும் நமது தமிழ்ச் சகோதரர்கள் குழாயைத் திருகினால் நீர் வருமா என்று ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மேகம் தருவது ஒன்று. ராஜாங்கம் தருவது மற்றொன்று. தேசப்படத்தில் நீர் நிறைந்திருப்பதும் குடிசையில் குடம் நிறைந்திருப்பதும் ஒன்றல்ல. இடையில் நிற்பவை அணை, ஏரி, குழாய், சட்டம், நேர்மை ஆகியவை.

இப்பொழுது நமது தேசத்துக் கணக்குக்கு வருவோம். வெளிநாடுகளிலிருந்து வரும் நதி நீரையும் சேர்த்து மத்திய சர்க்கார் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1951-ல் தலைக்கு 5,177 கன மீட்டர் இருந்தது, 2021-ல் 1,486 ஆகக் குறைந்துவிட்டது. இந்த இடைக்காலத்தில் மேகங்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. 36 கோடியாக இருந்த நாம் 140 கோடியை எட்டினோம், அவ்வளவே. அளவுகோலின்படி நாம் நெருக்கடி வகுப்பில் சேர்ந்துவிட்டோம். தமிழ்நாட்டுக்குத் தலைக்கு 750 கன மீட்டர் என்றே சர்க்கார் ஏடுகள் நெடுநாளாகக் கூறி வந்தன. அப்படியானால் நாம் பஞ்ச வகுப்பு.

கன மீட்டர்க் கணக்கு நமது தாய்மார்களுக்கு விளங்காது. அவர்களுக்குக் குடக் கணக்கே கணக்கு. ஆகவே அதையே போட்டுப் பார்த்தோம். 1,486 கன மீட்டரை வருஷத்து நாட்களால் வகுத்தால், தலைக்கு நாளொன்றுக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல் வருகிறது. 15 லிட்டர் குடம் ஒன்றால் அளந்தால் 270 குடம்! இவ்வளவும் கைக்கு எட்டாது. வெள்ளமாக ஓடிக் கடலில் கலப்பதையும், தேக்க இயலாததையும் தள்ளினால் பாதிக்குச் சற்று மேல், சுமார் 150 குடமே உபயோகிக்கத்தக்கது என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டின் 750 கன மீட்டரை அப்படியே எடுத்துக்கொண்டாலும் 137 குடம். நெல்லும் கரும்பும் பருத்தியும் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு கிலோ அரிசி விளையவே சுமார் 2,500 லிட்டர், அதாவது 160 குடத்துக்கு மேல், பிடிக்கிறது. எனவே விவசாயிக்கு நெருக்கடி உண்மையானதே. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 2019-ல் ஆரம்பமான ஜல ஜீவன் திட்டத்தில் கிராமவாசிக்குச் சர்க்கார் வாக்களித்திருப்பது எவ்வளவு? தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குடக் கணக்கில் நாலு குடம்கூட நிறையவில்லை. 137 குடத்தில் நாலு குடம்! எவ்வளவு கொடிய பஞ்ச தேசமானாலும் இந்த நாலு குடத்துக்கு இயற்கை குறுக்கே நிற்கவில்லை. பெண்கள் குழாயடியில் காலிக் குடங்களை வரிசை வைத்துக் காத்திருக்கும்போது, "மழை இல்லை, ஜனத்தொகை பெருகிவிட்டது, என்ன செய்வது?" என்று அதிகாரிகள் கை விரிப்பார்களானால், அந்தப் பதிலை ஏற்க நாம் மறுக்கிறோம். வயலுக்குப் பஞ்சம் வரலாம். அதற்கு மேகத்தையும் குறை கூறலாம். குடத்துக்கு வரும் பஞ்சம் நிர்வாகத்தின் பஞ்சம்.

தேசங்களுக்குள்ளே மட்டுமா ஏழை பணக்காரன் என்ற வகுப்பு? ஒரே ராஜ்யத்துக்குள்ளும் இருக்கிறது. 2019-ம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. தலைநகரத்தின் தாகம் தீர்க்கப்பட வேண்டியதே. அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் ஆறு வற்றினால் மணலூர்பேட்டைக்கு எந்த ரயில் தண்ணீர் கொண்டுவரும்? கடலோ வெகு தூரம். இங்கே உள்ளவனுக்கு ஆறும், ஏரியும், கிணறும்தான் கதி. அவை தவறினால் கையில் காசுள்ளவன் கேன் தண்ணீர் வாங்குகிறான். இல்லாதவன் கிடைத்ததைக் குடிக்கிறான். சராசரிக் கணக்கில் இருவருக்கும் 270 குடமே எழுதியிருக்கிறது!

இனி உரிமை விஷயம். தமிழ்நாட்டின் மேற்பரப்பு நீர் 853 டி.எம்.சி. என்றும், அதில் 261 டி.எம்.சி. அண்டை ராஜ்யங்களிலிருந்து வருவதென்றும் சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. நமது நீரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பிறர் வாசல் வழியாக வருகிறது. இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்து தேசத்தில் உள்நாட்டில் பிறக்கும் நீர் தலைக்குப் பத்துக் கன மீட்டர் அளவுகூடத் தேறாது. சூடானுடன் 1959-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில் குறித்த 55.5 கன கிலோமீட்டர் நைல் நீரே அதன் உயிர். வங்காள தேசத்துக்கு வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எல்லைக்கு அப்பாலிருந்து வருவது. கீழ்மடைக்காரன் வாழ்வு மேல்மடைக்காரன் நேர்மையில் தொங்குகிறது என்பது எல்லாத் தேசங்களுக்கும் பொது.

பெண்ணையாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பிரதேசத்தில் உற்பத்தியாகிறது. அதன் உபநதியான மார்க்கண்டேய நதிக்குக் குறுக்கே யார்கோள் என்னுமிடத்தில் அந்த ராஜ்யம் அணை எடுத்தபோது, 1892-ம் வருஷத்து மைசூர் - சென்னை உடன்படிக்கையை எடுத்துக்காட்டித் தமிழ்நாடு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடியாயிற்று. 1956-ம் வருஷத்துச் சட்டப்படி நடுவர் மன்றத்தை நாடும்படி கோர்ட்டார் வழி காட்டினார்கள். அரசியல் சட்டத்தின் 262-வது பிரிவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நதி வழக்கைச் சாதாரணச் சொத்து வழக்கைப் போல நடத்த முடியாது. கர்நாடகத்திலிருந்து நமக்கு வர வேண்டியது நீர் மட்டுமல்ல, நல்ல நீர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெங்களூர் நகரத்தின் கழிவைச் சுமந்து வரும் இந்த ஆற்றில், ஓசூருக்கருகில் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை போல் பொங்கி நிற்பதை நாடு பலமுறை கண்டிருக்கிறது. நஞ்சு கலந்த நீரும் கணக்கில் நீர் என்றே ஏறுகிறது!

இவ்வுரிமைக்காகப் போராடுவது நமது கடமை. ஆனால் நியாயம் கேட்பவன் தன் கையும் சுத்தமாயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கோர்ட்டுகளில் பழகிய நமக்கு நன்றாகத் தெரிந்த விதி. கர்நாடகம் அரை டி.எம்.சி. தேக்குவதைப் பற்றி நாம் முறையிடுகிறோம். 2024 டிசம்பரில் நம் அணையிலிருந்து ஒரே மணி நேரத்தில் அதைவிட அதிகம் வழிந்து போனதை என் சொல்வது? பெண்ணையாற்றின் கடைமடையில் இருப்பவன் விழுப்புரத்தானும் கடலூரானும். அவர்களுக்கு உரிய பங்கு ஒழுங்காகப் போகிறதா? ஏரிகளின் வரத்துக் கால்வாய்களை அடைத்து வீடு கட்டினவர்கள் கர்நாடகத்தாரா? ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனவர்கள் அயல் நாட்டாரா?

மணல் விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஊரின் பெயரிலேயே மணல் இருக்கிறது. ஆற்று மணல் என்பது நீரைப் பத்திரப்படுத்தும் கஜானா. வெயில் பட்டு வற்றாமல், கோடையிலும் ஊற்றாகவும் கரையோரக் கிணற்று நீராகவும் கொடுத்துக்கொண்டேயிருப்பது அதுதான். அணை கட்டக் கோடிக்கணக்கில் செலவு. இந்தக் கஜானாவை இயற்கை இலவசமாகக் கட்டிக் கொடுத்தது. அதை அள்ளி விற்றுவிட்டுத் தடுப்பணை கட்டுகிறோம் என்கிறார்கள். 2020-ல் சுமார் 25 கோடி ரூபாய்ச் செலவில் இதே ஆற்றில் தளவானூரில் கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது. அதே வருஷம் நவம்பரில் எல்லிஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. இருப்பதை இழந்துவிட்டுப் புதியதைத் தேடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவதாக, தேசத்துச் சராசரியைச் சொல்லி நம்மை மயக்குவதும் பயமுறுத்துவதும் போதும். பெண்ணையாற்றுப் பிரதேசத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும். எவ்வளவு மழை பெய்தது, எந்த ஏரி எவ்வளவு நிரம்பியது, எவ்வளவு கடலுக்குப் போயிற்று, நிலத்தடியிலிருந்து எவ்வளவு உறிஞ்சப்பட்டது, ஒவ்வொரு ஊரிலும் தலைக்கு எத்தனை குடம் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22-ந் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூட்டும் ஏற்பாடு 2022-ல் வந்திருக்கிறது. சம்பிரதாயத் தீர்மானங்களோடு கலைந்துவிடாமல், அன்று இந்தக் கணக்கு ஜனங்கள் முன் வாசிக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, வெள்ளத்தைத் தேக்குவதற்கு ஏரிகளையே முதலில் நாட வேண்டும். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகளை நம் முன்னோர் விட்டுச் சென்றிருக்கிறார்கள். சாத்தனூர் மதகுகளைத் திறக்கும்போது அந்நீர் வழியிலுள்ள ஏரிகளுக்கெல்லாம் போய்ச் சேரும்படி கால்வாய்கள் துப்புரவாக இருக்குமானால், கடைமடையில் வெள்ளச் சேதமும் குறையும்; கோடையில் கிணறும் ஊறும். அணை திறப்பு விதிகளும் ஜனங்களுக்குப் பகிரங்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். மணல் அள்ளுவதை நிறுத்துவது இதனுடன் சேர்ந்த காரியம்.

மூன்றாவதாக, நாலு குடம் என்பது தயவு அல்ல, பாத்தியதை. சுத்தமான நீரை அனுபவிப்பது ஜீவிக்கும் உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே சொல்லியிருக்கிறது. 2010-ல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் தண்ணீரை மனித உரிமையாக அங்கீகரித்தது. பயிருக்கும் தொழிலுக்கும் பங்கு பிரிக்குமுன் இந்த நாலு குடத்தை முதற் பற்றாக எழுதி ஒதுக்க வேண்டும். பிறகு எது விளைவிப்பது என்று யோசிக்கலாம். கரும்பும் நெல்லும் வெளியூருக்குப் போகும்போது நமது தண்ணீரும் மூட்டை கட்டிப் போகிறது. அரிசி ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடத்தில் இருக்கும் தேசம், தண்ணீரில் நெருக்கடி வகுப்பில் இருப்பது யோசிக்கத்தக்க விஷயம். இதில் குடியானவனைக் குறை கூறிப் பயனில்லை. குறைந்த நீரில் விளையும் கேழ்வரகுக்கும் கம்புக்கும் நெல்லுக்குக் கிடைக்கும் விலையையும் கொள்முதல் வசதியையும் தந்து பார்த்தால், அவன் தானே மாறுவான்.

தேச சேவையில் ஈடுபட்டிருக்கும் நமது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் ஏறி அண்டை ராஜ்யத்தை ஏசுவது எளிது, கரகோஷமும் கிடைக்கும். உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே ஆரம்பித்து எங்கே மறைந்துபோயிற்று என்று கால் நடையாக ஒரு நாள் நடந்து பாருங்கள். அதை மீட்க மனுச் செய்யுங்கள். அசையாவிட்டால் கூட்டம் கூட்டுங்கள். பத்து ஏரிகளை இப்படி மீட்ட பிறகு நடுவர் மன்றத்தின் முன் நாம் நின்றால், நமது வழக்குக்கு இருக்கும் பலமே வேறு.

அடுத்த தையிலும் அருணாசலேசுவரர் பெண்ணையாற்றுக்கு எழுந்தருளுவார். ஜனங்களும் வருவார்கள். "ஆற்றில் தண்ணீர் உண்டா?" என்ற கேள்வியும் எழும். அதற்கு வானத்தைப் பார்த்து விடை சொல்லி நாம் பழகிவிட்டோம். இனி ஏரியைப் பார்த்து, மணலைப் பார்த்து, கணக்கைப் பார்த்து விடை சொல்லக் கற்றுக்கொள்வோமாக.